கூட்டுழைப்பின் அளவுகோல்

நுழையும்முன்

ஒருவர் எவ்வளவு வேலை செய்தார் என்று கணக்கிடுவது எளிது. பலர் சேர்ந்து செய்த வேலையின் பயனைக் கணக்கிடுவது அரிது. எளிய கணக்கை மட்டும் நம்பி அரசு நிறுவனங்கள் தம் பணியாளர்களை மதிப்பிட்டால் என்ன நேரும்? பொதுத்துறையின் உற்பத்தித்திறன் உயர வேண்டுமெனில் எதனை அளக்க வேண்டும்? வால்பாறையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து தொடங்கி இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

தராசு காட்டுவதும் காட்டாததும்

பொள்ளாச்சியிலிருந்து தெற்கே சென்று, ஆழியாறு அணையைக் கடந்து, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வால்பாறையை அடையலாம். ஆனைமலைத் தொடரில் அமைந்த இவ்வூரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பறித்த கொழுந்தைச் சாக்கில் சுமந்துவந்து தொழிலாளர்கள் தராசின் முன் வரிசையில் நிற்பது அத்தோட்டங்களில் நாள்தோறும் காணும் காட்சி. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் எடை குறிக்கப்படும். நாள் ஒன்றுக்கு வரையறுத்த எடைக்கு மேல் பறித்தால், கூடுதலான ஒவ்வொரு கிலோவுக்கும் ஊக்கத்தொகை வழங்குவது தோட்டத் தொழிலில் நெடுநாளைய வழக்கம்.

உழைப்பை அளக்க இதைவிட நேர்மையான முறை இல்லை என்றே முதற்பார்வையில் தோன்றும். ஆனால், தோட்டம் சந்தைக்கு அனுப்புவது தேயிலைத்தூளைத்தான். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இளங்கொழுந்து வந்ததா, முற்றிய இலை எவ்வளவு கலந்தது, சாக்கில் அழுத்தி அடைத்ததால் கொழுந்து கசங்கிச் சூடேறியதா, வண்டி உரிய நேரத்தில் தொழிற்சாலையை அடைந்ததா, வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல் ஆகிய நிலைகளில் நேரமும் வெப்பமும் முறையாகப் பேணப்பட்டனவா என்பவையே அத்தூளின் தரத்தை முடிவு செய்கின்றன.

தராசு இவற்றுள் எதனையும் காட்டாது. முற்றிய இலையும் தராசில் கனக்கும். மழையில் நனைந்த இலை இன்னும் கனக்கும். இளங்கொழுந்தை மட்டும் தேர்ந்து பறிக்கும் தொழிலாளியின் எடை குறையும். கைக்கு அகப்பட்டதைப் பறிப்பவரின் எடை கூடும். பணி பழகாத ஒருவருக்கு அருகில் நின்று கற்றுக்கொடுக்கும் மூத்த தொழிலாளி அன்றைய ஊக்கத்தொகையை இழப்பார். தோட்டத்திற்கு நன்மை செய்தவருக்குத் தராசு நட்டம் விதிக்கிறது. இங்கே குற்றம் தொழிலாளியுடையதன்று. தேயிலைத்தூளை விற்க நினைத்துக்கொண்டு, பச்சை இலையின் எடையை அளந்த முறையுடையது.

ஒரு பொதுத்துறைத் தோட்டத்தின் வரலாறு

இச்சிக்கல் தனியார் தோட்டங்களோடு முடிவதில்லை. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஒரு பொதுத்துறை நிறுவனம். நீலகிரி மாவட்டத்திலும் வால்பாறைப் பகுதியிலும் அதன் தோட்டங்கள் அமைந்தன. அது தோன்றிய காரணம் வணிகம் மட்டுமன்று. 1964ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இலங்கையின் மலையகத் தமிழர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தலைமுறைகளாகத் தேயிலைத் தொழிலே அறிந்த அவர்களுக்கு வாழ்வளிக்க, 1968இல் வனத்துறையின் திட்டமாகத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. 1976 முதல் அவை அரசு நிறுவனமாக இயங்கத் தொடங்கின.

காலப்போக்கில் இந்நிறுவனம் இழப்பைச் சந்தித்தது. தோட்டப் பரப்பில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க 2022இல் அரசு முடிவு செய்தது. தேயிலை விலையின் ஏற்ற இறக்கம், உற்பத்திச் செலவின் உயர்வு, ஆள் பற்றாக்குறை, வயது முதிர்ந்த செடிகள் எனத் தேயிலைத் தொழிலை நலியச் செய்யும் காரணங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை கொழுந்து பறிப்பவரின் கையில் இல்லை. ஆயினும், பொதுத்துறை நிறுவனம் ஒன்று நலிவுறும்போது, 'அங்கு யாரும் ஒழுங்காக வேலை செய்வதில்லை' என்ற ஒற்றைத் தீர்ப்பு எளிதாக எழுகிறது. தோட்டத் தொழிலாளிக்கு இத்தீர்ப்பின் விலை மிகப் பெரிது. தோட்டக் குடியிருப்பு வேலையோடு பிணைந்தது; வேலை போனால் வீடும் போகும்.

ஆகவே, பொதுத்துறையில் உழைப்பை எவ்வாறு அளப்பது என்பது கணக்கர்களுக்கு மட்டும் உரிய வினாவன்று. பிழை எங்கே நிகழ்கிறது, யார் பொறுப்பேற்க வேண்டும், யாருடைய வாழ்வு தொடரும் என்பவற்றை அளவுகோலே பலவேளைகளில் முடிவு செய்துவிடுகிறது.

எண்ணிக்கை இலக்கின் விளைவு

தனியாள் இலக்கு எவ்வாறு தடம் மாறும் என்பதற்கு இந்தியக் குடும்பநலத் திட்டம் ஒரு பாடம். அத்திட்டத்தின் களப்பணியாளர்களுக்குக் கருத்தடை செய்துகொள்வோரின் எண்ணிக்கை நெடுங்காலம் இலக்காக விதிக்கப்பட்டிருந்தது. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடிநிலைக் காலத்தில் இவ்விலக்கு வற்புறுத்தலாக மாறியதை நாடு கண்டது. அதன் பின்னரும் எண்ணிக்கை இலக்கு வேறு வடிவங்களில் தொடர்ந்தது. பதிவேட்டில் எண் நிறைந்தது. தாயின் உடல்நலமும் குழந்தையின் வளர்ச்சியும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. இறுதியில், 1996இல் இந்திய அரசு இவ்விலக்கு முறையைக் கைவிட்டது. எண்ணிக்கையை எட்டாதவர் தண்டிக்கப்படுவார் எனில், பணியாளர் எண்ணிக்கைக்காகவே உழைப்பர் என்பதை அரசு பட்டறிந்தது.

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் இக்கருத்தைத் தொழில் உலகில் வலியுறுத்தியவர். 1950இல் ஜப்பானில் தரக் கட்டுப்பாடு குறித்து அவர் ஆற்றிய உரைகள் அந்நாட்டுத் தொழில் வளர்ச்சிக்குத் துணைநின்றன. பணியாளர்களை ஆண்டுதோறும் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதை அவர் கடுமையாக எதிர்த்தார். குறைகளில் பெரும்பகுதி, வேலை அமைக்கப்பட்டிருக்கும் முறையிலிருந்தே பிறக்கிறது என்பதும், முறையைத் திருத்தாமல் ஆளைத் திருத்த முயல்வது வீண் என்பதும் அவர் கருத்து.

ஓர் உயிரும் ஒரு குழுவும்

தனியாள் அளவுகோலுக்கு மாற்று என்ன என்பதற்கு விடை தொலைவில் இல்லை. தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரப் பணியிலேயே உள்ளது. வால்பாறையின் உட்பகுதித் தோட்டம் ஒன்றில் கருவுற்ற பெண் ஒருவருக்கு நள்ளிரவில் வலி காண்பதாகக் கொள்வோம். அவருக்குக் குருதிச்சோகை இருப்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் முன்பே கண்டறிந்து பதிந்திருக்க வேண்டும். ஊர்தி ஓட்டுநர் மழையிலும் மூடுபனியிலும் தோட்டச் சாலையைக் கடந்து வர வேண்டும். வால்பாறை மருத்துவமனையில் முதலுதவி கிடைக்க வேண்டும். மேல்சிகிச்சை தேவைப்படின், நாற்பது வளைவுகளிலும் இறங்கிச் சமவெளி சேர வேண்டும். அங்கே மருத்துவரும் மயக்கவியல் வல்லுநரும் குருதியும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இவர்களுள் எவர் ஒருவர் தவறினாலும் மற்றவர் உழைப்பு பயனற்றுப் போகலாம். எனில், யாருடைய செயல்திறனைத் தனியே அளப்பது?

தமிழ்நாடு இதற்கு ஒரு வழி கண்டது. மகப்பேற்றின்போது நிகழும் ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியே ஆராயும் முறையை 1990களில் தொடங்கி, படிப்படியாக மாநிலம் முழுவதும் நிலைபெறச் செய்தது. இறப்பு நிகழ்ந்தால், வீட்டிலிருந்து மருத்துவமனை வரை அப்பெண் கடந்த வழி முழுவதும் ஆராயப்படுகிறது. வீட்டில் முடிவெடுக்கத் தாமதமானதா, ஊர்தி கிடைக்கத் தாமதமானதா, மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கத் தாமதமானதா என்று வினவப்படுகிறது. ஒருவரைக் குற்றவாளியாக்குவது இதன் நோக்கமன்று. அடுத்த உயிரைக் காக்க எந்தக் கண்ணியை வலுப்படுத்த வேண்டும் என்று காண்பதே நோக்கம்.

மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, 2001–03 காலத்தில் தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் உயிருடன் பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். இந்திய அளவில் அவ்வெண் 301. 2018–20 காலத்தில் தமிழ்நாட்டின் எண் 54ஆகக் குறைந்தது. இந்திய அளவில் 97ஆக இருந்தது. இருபத்து நான்கு மணிநேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசர ஊர்திகள், கருவுற்ற தாய்மாருக்கான நிதியுதவி எனப் பல முயற்சிகள் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாயின. அவை அனைத்தையும் ஒரே நோக்கில் இணைத்ததில், இறப்பு ஆய்வுக்குத் தனிப் பங்கு உண்டு. அங்கே அளக்கப்பட்டது செவிலியரின் வருகைப் பதிவேடன்று. தாய் உயிர் பிழைத்தாளா என்பது.

குழு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

குழுவாக அளப்பது நன்று எனில், நிறுவனம் முழுவதையும் ஒரே குழுவாகக் கொள்ளலாமே என்ற எண்ணம் எழலாம். இந்திய இரயில்வே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1979–80ஆம் ஆண்டு முதல் அங்கு உற்பத்தித்திறனோடு இணைந்த போனசு வழங்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில், உயர் அலுவலர் அல்லாத ஏறத்தாழ 11 இலட்சம் பணியாளர்களுக்கு 78 நாள் ஊதியத்திற்கு ஈடான தொகை வழங்கப்பட்டு வருகிறது. பலரும் சேர்ந்தே வண்டியை ஓட்டுகின்றனர் என்பதை ஏற்ற வகையில் இது பாராட்டத்தக்க முறை.

எனினும், பதினொரு இலட்சம் பேரின் கூட்டுக் கணக்கில், கோடை வெயிலில் தண்டவாளத்தைச் சரிபார்க்கும் ஒருவரின் உழைப்பு எங்கே தெரியும்? அவர் கூடுதல் கவனம் செலுத்தினாலும் நாடு தழுவிய எண்ணில் மாற்றம் தோன்றாது. ஆண்டுதோறும் ஒரே அளவில் கிடைக்கும் தொகை, நாளடைவில் விழாக்கால உரிமையாகிவிடும். அது தேவையானதே, ஆனால், வேலையை மேம்படுத்தும் அளவுகோலாகப் பயன்படாது.

தனியாளை மட்டும் அளந்தால் ஒத்துழைப்பு சிதையும். இலட்சக்கணக்கானோரை ஒருசேர அளந்தால் ஒவ்வொருவர் முயற்சியும் கண்ணுக்குத் தெரியாமற்போகும். ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லி அறிந்து, தம் கூட்டுழைப்பின் பயனை நேரில் காணக்கூடிய அளவே குழுவுக்குத் தக்க அளவாகும். ஒரு தோட்டப் பிரிவும் அதன் தொழிற்சாலையும், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு போக்குவரத்துப் பணிமனை, ஒரு வட்டாட்சியர் அலுவலகம் ஆகியவை அத்தகைய அளவில் அமைந்தவை.

தெரிந்து தெளிவோம்

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டின் ஊராட்சியைத் தெரிவிக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களின் உறுப்பினர்கள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்தம் பணிக்காலம் 360 நாள்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் போட்டியிட இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். கல்வியும் சொத்தும் உடைய சிலருக்கே அன்று அவ்வுரிமை இருந்தது. ஆயினும், பொதுப்பணியைக் குழுவிடம் ஒப்படைத்துக் காலவரையறையோடு கணக்குக் கேட்கும் கருத்து, தமிழ் மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதை இது காட்டுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

குழு அளவீட்டுக்கு எதிராக மூன்று மறுப்புகள் கூறப்படுகின்றன. மூன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

குழுவின் நிழலில் சோம்பேறி ஒளிந்துகொள்வான் என்பது முதல் மறுப்பு. உழைப்பவர் தேடித்தந்த பாராட்டில் உழையாதவரும் பங்கு பெறுவார் என்னும் அச்சம் பொய்யன்று. ஆனால், குழு சிறியதாகவும் கணக்கு வெளிப்படையாகவும் இருந்தால், யார் சுமக்கிறார், யார் சுமையை ஏற்றுகிறார் என்பதைக் குழுவினரே நன்கு அறிவர். மாதம் ஒருமுறை பதிவேட்டைப் பார்க்கும் மேலதிகாரியைவிட, நாள்தோறும் உடன் நிற்பவருக்கே அது தெரியும். வேண்டுமென்றே கடமை தவறுவோர்மீது நடவடிக்கை எடுக்க ஒழுங்கு விதிகள் தனியே உள்ளன. குழு அளவீடு அவற்றை நீக்குவதில்லை.

இரண்டாம் மறுப்பு இதற்கு நேர்மாறானது. குழுவின் எண் குறையக்கூடாது என்னும் அழுத்தத்தில், முதியவர், நோயுற்றவர், கருவுற்றவர், புதிதாக வந்தவர் ஆகியோரைச் சக பணியாளரே சுமையாகக் கருதத் தொடங்கலாம். வால்பாறைத் தோட்டங்களில் இப்போது வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர். மொழி அறியாத அவர்கள் எளிதில் ஒதுக்கப்படலாம். மூன்று மறுப்புகளிலும் வலுவானது இதுவே. அடிப்படைக் கூலியும் விடுப்புரிமையும் எக்காரணத்தாலும் குழுவின் எண்ணோடு பிணைக்கப்படலாகாது. புதியவருக்குத் தொழில் கற்பித்தலும் குழுவின் சாதனையாகக் கணக்கில் சேர வேண்டும். அளவீடு, பாராட்டுக்கும் திருத்தத்துக்கும் உரியது, பறிப்பதற்கு உரியதன்று.

குழுவின் கையில் இல்லாதவற்றுக்கு அது எவ்வாறு பொறுப்பேற்கும் என்பது மூன்றாம் மறுப்பு. சின்னக்கல்லாறு தென்னிந்தியாவில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அங்குள்ள பறிப்பை மழை குறைந்த தோட்டத்தோடு ஒப்பிடுவது முறையன்று. யானைக் கூட்டம் நிற்கும் மலைச்சரிவில் அன்று யாரும் கொழுந்து பறிக்க இயலாது, பறிக்கவும் கூடாது. ஏல விலை சரிந்தால் அது தொழிலாளியின் பிழையாகாது. ஆகவே, ஒரு குழுவை அதன் முந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டும். குழு மாற்றக்கூடியதை மட்டுமே அளக்க வேண்டும்.

அளக்க வேண்டியவை

இக்கருத்துகளை ஒரு பொதுத்துறைத் தேயிலைத் தோட்டத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு பிரிவின் கொழுந்து பறிப்போர், மேற்பார்வையாளர், வண்டி ஓட்டுநர், தொழிற்சாலைப் பணியாளர் ஆகியோரை ஒரு குழுவாகக் கொள்ளலாம். தொழிற்சாலைக்கு வந்த கொழுந்தில் சிறுமாதிரி எடுத்து எண்ணினால், இளங்கொழுந்தின் பங்கு தெரிந்துவிடும். பறித்ததற்கும் வாட்டுவதற்குப் பரப்பியதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறிக்கலாம். ஒரே செடிக்குப் பறிப்பு மீண்டும் எத்தனை நாளில் திரும்பியது, ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு கொழுந்து செலவாயிற்று, பணியில் எத்தனை பேர் காயமுற்றனர் என்பவற்றையும் சேர்க்கலாம். இவ்வைந்து எண்களையும் எல்லாரும் பார்க்கும் பலகையில் வாரந்தோறும் எழுதி, அவற்றைப் பற்றிக் குழுவே கூடிப் பேச வேண்டும்.

அவ்வாறு பேசும்போதுதான் உண்மைக் காரணங்கள் வெளிவரும். கொழுந்து கசங்குவதற்குப் பறிப்பவரின் அவசரம் காரணமா, சாக்குப் பற்றாக்குறை காரணமா? தாமதத்திற்கு ஓட்டுநர் காரணமா, செப்பனிடாத சாலை காரணமா? பறிப்புச் சுற்று நீள்வதற்குச் சோம்பல் காரணமா, ஆள் இன்மை காரணமா? இவ்வினாக்களுக்கான விடைகளுட் சில தொழிலாளியை நோக்கும். சில மேலாளரை நோக்கும். சில தலைமையகத்தையும் அரசையும் நோக்கும். அனைவரையும் நோக்கும் அளவுகோலே நேர்மையானது. கீழ்நிலைப் பணியாளரை மட்டும் அளந்து, சாலையையும் சாக்கையும் எந்திரத்தையும் தர வேண்டியவரை அளக்காத முறை, எத்தனை நுட்பமாக இருப்பினும் பாதி அளவுகோலே.

அளவுகோலை வகுக்கும்போது அளக்கப்படுவோரையும் உடன் அமர்த்துவது இன்றியமையாதது. எவ்விலை முற்றியது, எச்சரிவு வழுக்கும், எப்பருவத்தில் பறிப்பு தளரும் என்பவற்றை அறிந்தவர்கள் அவர்களே. அவர்கள் அறிவைப் பெறாமல் மேலிருந்து விதிக்கப்படும் எண், முன்பு குடும்பநலத் திட்டத்தில் நிகழ்ந்ததுபோல, பதிவேட்டை மட்டுமே நிறைக்கும்.

பொதுத்துறை மக்களின் வரிப்பணத்தால் உருவானது. அது இழப்பின்றி இயங்க வேண்டும் என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. எதனைக் கொண்டு தம்மை மதிப்பிடுகிறீர்கள் என்று கேட்க அதில் உழைப்போருக்கும் உரிமை உண்டு. இவ்விரு உரிமைகளும் முரண்படாமல் சந்திக்கும் இடமே குழுவாக அளக்கும் முறை. வால்பாறையின் தராசு இனியும் தொழிலாளியின் சாக்கை நிறுக்கட்டும். கூலிக் கணக்குக்கு அது வேண்டும். ஆனால், தோட்டம் வாழுமா என்பதை அத்தராசிடம் கேட்பதில் பயனில்லை. அவ்வினாவைத் தோட்டத்தில் உழைக்கும் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, தமக்குள்ளும் தம் மேலதிகாரிகளிடமும் கேட்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள நியாயவிலைக் கடை, நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பணியாளர்களை ஒரு குழுவாக மதிப்பிட ஏற்ற ஐந்து அளவுகோல்களை எழுதுக.

2. 'தேர்வு மதிப்பெண் மட்டும் ஒரு வகுப்பின் திறனைக் காட்டுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.